பொறிவண்டு வராத அறை

பாம்கோல் கிராமம், காங்வோன் மாகாணம்
1974 அக்டோபர் 20

அன்புள்ள தங்கை இன்ஜாவுக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் குழந்தையும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் அந்த ஊர்க் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி இடுப்பு விட்டுப்போகிறது என்று எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா? உன் மகள் புன்ஹிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஓட்டைப் பல் தெரியும், அதனால் இனி சிரிக்கவே மாட்டேன் என்று காலையில் சபதம் போட்டாள். மத்தியானத்துக்குள் மறந்துவிட்டாள்.

நம் வீட்டை நீ இப்போது பார்த்தால் யார் வீடோ என்று தாண்டிப் போய்விடுவாய். வைக்கோல் கூரையைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட்டாயிற்று. மேலிடத்து உத்தரவு என்று ஊர் முழுக்கச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. நம் வீடு தெற்குப் பார்த்த வீடு, வெயில் பட்டால் கண் கூசும். அந்த வெள்ளைதான் இப்போது வினையாகிவிட்டது.

போன புதன்கிழமை பனி விழுந்து மறுநாள் நல்ல வெயில் அடித்தது. முறத்தில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் சுவர் முழுக்கப் பொறிவண்டு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பத்தொன்பது புள்ளி போட்டது, புள்ளியே இல்லாதது என்று எத்தனை தினுசு உண்டோ அத்தனையும் மலையிலிருந்து இறங்கி நம் வீட்டுக்கு வந்துவிட்டன. சுவரில் இருந்தால் போகட்டும் என்று விடலாம். கதவிடுக்கு, உத்தரத்து இடுக்கு, கூரைக் காகிதத்துக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் குளிர்காலத்துக்கு இடம் பிடிக்கின்றன. பக்கத்து வீட்டு யோங்வோல்காரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "வெள்ளையடிச்சா நல்ல சேதி வரும்னாங்க, இத்தனை விருந்தாளி வருவாங்கன்னு யாரும் சொல்லலையே" என்று கேலி செய்கிறாள். அவள் வீடு வடக்குப் பார்த்த வீடு. அந்தத் திமிர்.

கோழிக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றைக் கொத்திவிட்டுத் துப்பியது, அப்புறம் என்னை முறைத்தது. துடைப்பத்தால் தள்ளினால் மஞ்சளாக ஒரு நீர் விட்டு நாறடிக்கின்றன. சுரைக்குடுவையில் அள்ளிக்கொண்டு போய் ஓடைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு வருகிறேன், நான் வீடு வந்து சேருவதற்குள் பாதி திரும்பி வந்துவிடுகிறது.

குளிருக்கு விறகு இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். அதெல்லாம் உன் அத்தான் பார்த்துக்கொள்கிறார், நீ கவலைப்படாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
கும்னே

*

மேற்கு ஜெர்மனி
1974 நவம்பர் 3

அக்காவுக்கு உன் இன்ஜா எழுதுவது.

கடிதம் வந்தது. எல்லோரும் சுகம் என்று படித்த பிறகுதான் மேலே படிக்க உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றுமில்லை. இடுப்பு வலி இருக்கிறது, அது இருக்கத்தான் செய்யும். இந்த வாரம் இரவு வேலை இல்லை என்பதால் கொஞ்சம் தூங்குகிறேன்.

உன் பொறிவண்டுக் கதையை எங்கள் விடுதியில் இருக்கிற நம்மூர்ப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். கோழி முறைத்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்த ஊரில் பொறிவண்டு வீட்டுக்கு வந்தால் அதிர்ஷ்டமாம். புத்தாண்டுக்குச் சாக்லேட்டில் செய்து விற்கிறார்கள். அவர்கள் வீட்டில் இரண்டு வந்திருக்கும், அதனால் அப்படிச் சொல்லலாம்.

ஆனால் அக்கா, புன்ஹியின் தோல் மென்மையானது. அந்த மஞ்சள் நீர் பட்டு அரித்துவிடப் போகிறது. அவள் படுக்கிற சின்ன அறைக்குள் மட்டுமாவது விடாதே. அந்த அறைக்கு விறகு போதவில்லை என்றாலும் நிலக்கரித் தூளில் செய்த கரியடை மட்டும் வேண்டாம். போன வருஷமும் எழுதினேன், மறுபடி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. சியோலில் பயிற்சியில் இருந்தபோது குளிர்காலம் வந்தால் தினமும் காலையில் கரிவாயு குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அடுப்புச் சூட்டோடு தரைக்கு அடியில் ஓடுகிற வாயு மேலே வர, தரையில் ஒரு விரிசல் இருந்தால் போதும். சிலர் பிழைப்பார்கள். பிழைத்தும் சிலர் பழையபடி ஆவதில்லை.

மே மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வந்ததும் புன்ஹியை அழைத்துக்கொண்டு சியோலுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். நான் விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு நான்கு வயது. என் முகம் நினைவிருக்கிறதா என்று அவளிடம் கேட்டு எழுது. அத்தானுக்கு என் வணக்கம்.

இன்ஜா

*

பாம்கோல்
1974 நவம்பர் 16

அன்புள்ள இன்ஜாவுக்கு,

சுகம், உன் சுகமும் அதுபோல் இருக்கட்டும். குளிர்காலத்துக் கிம்ச்சி போட்டு முடித்தாயிற்று. நூற்றிருபது முட்டைக்கோசு. உன் மகள் கூடவே உட்கார்ந்து மிளகாய் விழுதைத் தடவுகிறேன் என்று கண்ணில் தடவிக்கொண்டு ஊரைக் கூட்டினாள்.

உன் முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "அம்மா வெள்ளைக் குல்லாய் போட்டிருப்பாங்க" என்றாள். அது போட்டோவில் இருப்பது. நான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

பொறிவண்டுப் போர் நடந்துகொண்டே இருக்கிறது. சின்ன அறைதான் எல்லாவற்றையும்விடக் கதகதப்பான அறை, குளிர் ஏறிவிட்டதால் மூன்று பேரும் அங்கேதான் படுக்கிறோம். தரை சூடேறினால் உத்தரத்தில் ஒளிந்துகொண்டிருப்பவை விழித்துக்கொண்டு ஊர்கின்றன. மெத்தையில், சோற்றில், உன் அத்தானின் காலுறைக்குள் எல்லாம். புன்ஹிக்கு இதில் கொண்டாட்டம். ஒன்றைத் தொட்டுக் கவிழ்த்துவிட்டு, "பெரியம்மா, இது சாகலை, செத்த மாதிரி நடிக்குது" என்கிறாள். அது காலை நீட்டும்வரை மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முந்தாநாள் ஒன்று அவள் காதுக்குள் போய்விட்டது. பயப்படாதே. யோங்வோல்காரி எள்ளெண்ணெய் இரண்டு சொட்டு விட்டாள், அது தானாக வெளியே வந்தது. காது கொஞ்சம் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மே மாதம் வருகிறாய் என்றால் நல்லது. தாள் தீர்ந்துவிட்டது, மற்றதற்குப் பிறகு பதில் எழுதுகிறேன்.

கும்னே

*

மேற்கு ஜெர்மனி
1974 நவம்பர் 29

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட மனசில்லை, மன்னித்துக்கொள்.

காதுக்குள் பூச்சி போயிருக்கிறது, நீ அதைக் கோழிக் கதை மாதிரி எழுதியிருக்கிறாய். எண்ணெய் விடுவதற்கு முன்னால் செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? யோங்வோல்காரியா? சோற்றில் பூச்சி, மெத்தையில் பூச்சி. இங்கே என் வார்டில் எண்பது வயதுக் கிழவிக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை விரிப்பு மாற்றுகிறேன். என் மகள் பூச்சியோடு படுத்திருக்கிறாள்.

உன் வயிற்றில் பிறந்த பிள்ளையாக இருந்தால் இப்படி விட்டிருப்பாயா?

இதோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற அகலப் பிளாஸ்திரி, பன்னிரண்டு சுருள். எதிலும் ஒட்டும், குளிரில் உரியாது. சின்ன அறையில் ஒரு இடுக்கு விடாதே. உத்தரமும் சுவரும் சேருகிற இடம், கதவின் நாலு பக்கம், ஜன்னல் சட்டம், காற்றுக்கென்று விட்ட சந்து எதுவானாலும் சரி, அடைத்துவிட்டு மேலே காகிதம் ஒட்டு. மே மாதம் வரைக்கும் அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்றால் சொல்லிவிடு, வேறு ஏற்பாடு செய்கிறேன்.

இன்ஜா

*

பாம்கோல்
1974 டிசம்பர் 14

இன்ஜாவுக்கு,

நலம். பார்சல் பத்தாம் தேதி வந்தது.

நீ சொன்னபடி செய்தாயிற்று. இரண்டு நாள் ஆனது. உத்தரம், கதவு, ஜன்னல், காற்றுச் சந்து எல்லாம் அடைத்து, பிளாஸ்திரிக்கு மேல் இரண்டு அடுக்குக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். இப்போது அறைக்குள் ஒரு பொறிவண்டு கிடையாது. மெழுகுவர்த்தி ஏற்றினால் சுடர் அசைவதில்லை. நீ வந்து பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

புன்ஹி இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், விளையாட ஆள் போய்விட்டதாம். மூன்று பேருக்கும் காலையில் தலை பாரமாக இருக்கிறது, அவளுக்குக் கொஞ்சம் குமட்டலும் உண்டு. ஊரெல்லாம் சளி. வேறு விசேஷமில்லை.

கும்னே

*

மேற்கு ஜெர்மனி
1974 டிசம்பர் 27

என் அக்காவுக்கு,

நீ, அத்தான், புன்ஹி மூவரும் சளி தீர்ந்து சுகமாக இருக்க வேண்டும். தலைப் பாரத்துக்கு இஞ்சி தட்டிப் போட்டுத் தேன் விட்டு மூன்று வேளை கொடு. குமட்டல் இருந்தால் வயிற்றைக் காயப் போடாமல் நீர்க்கஞ்சி கொடு. அறையைக் கதகதப்பாக வைத்துக்கொள், கதவைத் திறந்து திறந்து மூடாதே.

போன கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். தபாலில் போட்டுவிட்டு வந்த அன்றே திரும்ப எடுக்க முடியுமா என்று போய்க் கேட்டேன், பெட்டியைக் காலி செய்துவிட்டார்கள். எந்த வார்த்தை என்று உனக்குத் தெரியும். இரண்டரை வருஷம் அவளுக்குச் சோறு ஊட்டியவளைப் பார்த்து அப்படிக் கேட்ட வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ திட்டி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ அறையை அடைத்த கணக்கை மட்டும் எழுதியிருக்கிறாய்.

புன்ஹிக்கு ஒரு புத்தாண்டு அட்டை வைத்திருக்கிறேன். பொறிவண்டு படம் போட்டது. இது காதுக்குள் போகாது என்று சொல். அவளைத் தன் கையால் இரண்டு வரி எழுதச் சொல். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் தங்கை,
இன்ஜா

*

பாம்கோல்
1975 பிப்ரவரி 2

அன்புள்ள இன்ஜாவுக்கு,

உன் கடிதமும் அட்டையும் வந்தன. ஜனவரியில் போட்ட இரண்டு கடிதமும் வந்தன. எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பனி அதிகம், பாதை அடைத்துக்கொண்டது.

நீ எழுதிய வார்த்தையை நான் மனதில் வைக்கவில்லை. நீயும் வைத்துக்கொள்ளாதே.

அட்டையைப் புன்ஹிக்குக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் எழுதுகோலைத் தொடுவதில்லை, அதனால்தான் அவள் கையெழுத்து இல்லை. சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். இப்போதெல்லாம் நான் சொன்னதைக் கேட்கிறாள், முரண்டு பிடிப்பதில்லை.

காகிதத்தை எல்லாம் பிரித்துவிட்டோம். பழையபடி பொறிவண்டு வருகிறது. போகட்டும்.

உன் வார்டில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் யாராவது இருக்கிறார்களா? யோங்வோல்காரிக்கு வேண்டியவர்கள் யாரோ கேட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கும்னே

*

மேற்கு ஜெர்மனி
1975 பிப்ரவரி 14

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

இன்ஜாவின் வணக்கம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? இதுவரை உங்களுக்கென்று நான் தனியாக எழுதியதில்லை. அக்காவுக்குத் தெரியாமல் படியுங்கள்.

அக்காவின் கடிதத்தை வைத்துக்கொண்டு நான்கு நாளாக வேலை ஓடவில்லை. இரண்டு நாள் பாடுபட்டு ஒட்டிய காகிதத்தை நடுக்குளிர்காலத்தில் ஏன் பிரித்தீர்கள்? முரண்டு பிடிக்காத புன்ஹியை எனக்குத் தெரியாது. டாக்டர் யாருக்கு வேண்டும்? டிசம்பர் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். காலையில் மூன்று பேருக்கும் தலைப் பாரம், குழந்தைக்குக் குமட்டல். இது சளி என்று எந்த நர்ஸ் சொல்வாள்? நான் சொன்னேன் அத்தான். விறகு அடுப்புதானே என்ற நினைப்பில் இஞ்சி கொடுக்கச் சொன்னேன்.

சின்ன அறை அடுப்பில் என்ன எரிகிறது? அதை மட்டும் எழுதுங்கள். என் மகள் உயிரோடு இருக்கிறாளா, அதையும் எழுதுங்கள்.

இன்ஜா

*

பாம்கோல்
1975 பிப்ரவரி 27

இன்ஜாவுக்கு உன் அத்தான் சில்போக் எழுதுவது.

புன்ஹி உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன். எனக்குக் கோவையாக எழுத வராது, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சின்ன அறை அடுப்பில் கரியடைதான். போன செப்டம்பரில் மாற்றினேன். மலையில் மரம் வெட்டக் கூடாது என்று காவலர்கள் வந்து நாங்கள் சேர்த்து வைத்திருந்த விறகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என்னையும் ஒரு நாள் உட்கார வைத்தார்கள். வேறு வழி தெரியவில்லை. "இன்ஜாவுக்கு எழுதாதீங்க, தெரிஞ்சா அடுத்த பிளேன்லயே வந்து புள்ளயக் கூட்டிட்டுப் போயிடுவா" என்று உன் அக்கா கெஞ்சினாள். அதனால் எழுதவில்லை. அது என் குற்றமும்தான்.

கரிவாயு பயம் எனக்கும் இருந்தது. அதனால் சுவரின் மேல்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு வைத்திருந்தேன். பொறிவண்டு நுழைந்ததெல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான். உன் பார்சல் வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. பசை காய்ச்சி, அழுதுகொண்டே ஒட்டினாள். "அந்த ஓட்டைய மட்டும் அடைக்காதடி, மூச்சுக்கு வச்சது" என்றேன். "அவ பெத்தவ, அவ சொல்றா. எனக்கென்ன தெரியும், நான் பெத்தேனா" என்று சொல்லிவிட்டு அடைத்தாள். உன் கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. நான் எழுந்து பிய்த்து எறிந்திருக்கலாம். சண்டை வேண்டாம் என்று வெளியே போய்விட்டேன்.

பத்து நாள் தலைவலியோடு ஓடியது. டிசம்பர் 22ஆம் தேதி, சிவப்புப் பயற்றங்கஞ்சி வைக்கிற பண்டிகையன்று யோங்வோல்காரி வீட்டில் பெரிய அண்டாவில் காய்ச்சினார்கள், உன் அக்கா துழாவப் போயிருந்தாள். புன்ஹிக்குச் சளி என்று சின்ன அறையில் படுக்க வைத்துவிட்டுப் போனாள். குளிரக் கூடாதே என்று புதுக் கரியடை போட்டுவிட்டுப் போனாள். புதிதாகப் பற்றும்போதுதான் வாயு அதிகம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் தெரியும். நான் மதியம் கடந்து வந்து எழுப்பினேன், எழவில்லை. உதடு செர்ரிப் பழம் மாதிரி சிவந்திருந்தது. பிறகு பார்த்தால் மூலையில் தரைக் காகிதத்துக்கு அடியில் ஒரு விரிசல், நூல் அளவுதான் இருந்தது.

பெண்கள் வந்து, கரிவாயுவுக்கு அதுதான் மருந்து என்று முள்ளங்கிக் கிம்ச்சித் தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். நான் முட்டைக்கோசு ஏற்றப் போன லாரியை மறித்து டவுனுக்குக் கொண்டுபோனேன். இரண்டாம் நாள் கண் திறந்தாள். ஒரு வாரத்தில் நடந்து வீட்டுக்கு வந்தாள், பேசினாள், கஞ்சி கேட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது, இனி இன்ஜாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். மூன்று வாரம் கழித்துக் கிண்ணத்தைக் கீழே போட ஆரம்பித்தாள். அப்புறம் வார்த்தை தேட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். இப்போது நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். டவுன் டாக்டர், "சில பேருக்கு இது பிறகுதான் வரும், கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம், எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார்.

உன் அக்கா இதில் எதையும் உன் பெயரில் போடவில்லை. டாக்டரிடமும், ஊரிலும், தானே அடைத்தேன் என்றுதான் சொல்கிறாள். பிளாஸ்திரிச் சுருள்களை அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். உன்னிடமும் அப்படியே சொல்வாள். நான் சொன்னதைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

சில்போக்

*

மேற்கு ஜெர்மனி
1975 மார்ச் 12

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? உன்னைத்தான் கேட்கிறேன்.

அத்தான் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே, நான்தான் கேட்டேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். கரியடை வேண்டாம் என்று எத்தனை தடவை எழுதினேன், ஒரு வரி, "மாற்றிவிட்டோம்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்தப் பார்சலை அனுப்பியிருப்பேனா என்று. இரண்டாவதில் என்னைத் திட்டியிருந்தேன். மூன்றாவதில் ஒன்றுமே எழுத வரவில்லை.

பிளாஸ்திரியை எரித்து என்ன பிரயோசனம்? ஒட்டச் சொன்னது என் கையெழுத்து. உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். என்மேல் இருப்பதை எழுத இந்தத் தாள் போதாது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன்.

முன்கூட்டியே விடச் சொல்லிக் கேட்டேன். ஏப்ரல் கடைசியில் விடுகிறார்கள். இங்குள்ள நரம்பு டாக்டரிடம் சொன்னேன். குழந்தை என்பதால் திரும்ப வழி உண்டு என்கிறார், நடக்க வை, பெயர் சொல்லிப் பழக்கு, தெரிந்த முகங்களைத் தினமும் காட்டு என்கிறார். என் போட்டோவைக் காட்டு. அம்மா வருகிறாள் என்று தினமும் சொல். அவள் என்ன சொல்கிறாள் என்று மறைக்காமல் எழுது. இனி எதையும் மறைக்காதே.

இன்ஜா

*

பாம்கோல்
1975 மார்ச் 26

இன்ஜாவுக்கு,

நான் இருக்கிறேன். நீ கேட்டதற்கு அவ்வளவுதான் பதில்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

புன்ஹி இப்போது ஓடைவரை நடக்கிறாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. கரண்டியை ஒழுங்காகப் பிடிக்கிறாள். பனி உருகி வெயில் வந்ததும் பொறிவண்டுகள் உத்தரத்திலிருந்து இறங்கி ஜன்னலுக்கு வருகின்றன, வெளியே போக வேண்டுமே. நான் ஒன்றையும் விரட்டுவதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், குளிரினாலும் மூடுவதில்லை. ஒன்று அவள் மணிக்கட்டில் ஏறினால் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். போன வாரம், "நடிக்குது" என்றாள். அது அவளுடைய பழைய வார்த்தை. உன் அத்தான் தோட்டத்துக்குப் போய்ச் சத்தம் போட்டு அழுதார்.

உன் போட்டோவைத் தினமும் காட்டுகிறேன். முதல் நாள், "நர்ஸ்" என்றாள். டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்த குல்லாய் நினைவாக இருக்கும். உன் அம்மா, உன் அம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் என்னைத் தொட்டு, "அம்மா" என்றாள்.

பெரியம்மா என்ற வார்த்தை அவளிடம் இல்லை இன்ஜா. போய்விட்டது. நான் காது கேட்காத மாதிரி அடுப்புப் பக்கம் போனேன். பின்னாலேயே வந்து மறுபடி கூப்பிட்டாள். நான் உன் பெரியம்மா என்று அன்றைக்கு முழுக்கத் திருத்தினேன், மறுநாளும் திருத்தினேன். திருத்தும்போது அவள் முகம் கலங்கிவிடுகிறது, தப்புச் செய்துவிட்டோமா என்று பார்க்கிறாள். இருக்கிற நாலு வார்த்தையில் ஒன்றைப் பிடுங்குகிற மாதிரி இருக்கிறது. மூன்றாம் நாள் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்து, "என்னடா கண்ணு" என்றுவிட்டேன்.

அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் உன்னிடம் மறைக்கக் கூடாதது. பிள்ளை இந்த நிலையில் கிடக்க, எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். நான் எப்படிப்பட்டவள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு விமானம் ஏறு. இறங்கி வந்து அவள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

இன்றைக்கும் கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. நீ வந்து என்ன செய்யச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்றால் துணிமணியை மடித்து வைக்கிறேன்.

கும்னே

*

மேற்கு ஜெர்மனி
1975 ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

கடிதத்தை வார்டில் வைத்துப் பிரித்துவிட்டேன், விடுதிவரை பொறுக்க முடியவில்லை. துணிகள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன்னைக் கொல்ல வேண்டும் போல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவள் கூப்பிட ஒருத்தி அங்கே இருக்கிறாளே என்று தோன்றியது. அவள் "அம்மா" என்று கூப்பிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத வீட்டை நினைத்துப் பார்த்தேன், அதைத் தாங்க முடியவில்லை. ஒரு கிழவி மணி அடித்தாள், முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.

சந்தோஷப்பட்டதாக எழுதியிருக்கிறாய். பட்டுக்கொள். எனக்கு அதைக் கேட்க வலிக்கிறது, ஆனாலும் பட்டுக்கொள். இனிமேல் அவளைத் திருத்தாதே. துணிமணியை மடிக்க வேண்டாம். சியோலுக்கு இப்போது போகவில்லை, டவுன் ஆஸ்பத்திரியில் வேலை கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 30 வந்து இறங்குகிறேன். மறுநாள் மதியப் பேருந்தில் ஊருக்கு வருவேன். போட்டோவை எடுத்து உள்ளே வைத்துவிடு. குல்லாய் போட்டுக்கொண்டு வரமாட்டேன். என்னைப் பார்த்து அவள் பயந்து உன் பின்னால் ஒளிந்துகொண்டால் நீ அவளை முன்னால் தள்ளாதே. இது யார் என்று கேட்டால் தடுமாறவும் வேண்டாம், அழவும் வேண்டாம். "உன் சித்தி வந்திருக்காடா, ரொம்ப தூரத்திலேருந்து" என்று சொல்.

உன் தங்கை,
இன்ஜா